கோவளம் பாரில் கண்ட மஞ்சள் முத்துக் கடல்நத்தை: பெயர் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். சென்னையை அடுத்த ஈசிஆர் கோவளத்துக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சுமார் 12 மீட்டர் ஆழத்தில் ஸ்கூபா போயிருக்கிறீர்கள். பாறை மேல் விரலை விடச் சற்று நீளமாக ஒரு பிராணி. கறுப்பு உடம்பு, நீளவாட்டில் நீலச் சாம்பல் நிற வரப்புகள், வரப்புகளின் மேல் மஞ்சள் முத்து முத்தாகப் புடைப்புகள். உடன் வந்த நண்பர் அதைத் தொட்டுப் பார்த்தார், சாயங்காலம் அவர் விரல் அரித்தது. கரையில் ஒருவர் அதைக் கடல் அட்டை என்றார், இன்னொருவர் தட்டைப்புழு என்றார், கைபேசிச் செயலி ‘ஃபில்லிடியெல்லா பஸ்டுலோசா’ என்று ஒரு லத்தீன் பெயரைக் காட்டியது. படங்களையும் போட்டு, இதன் சரியான பெயர் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாசித்த அளவில் கேள்வி அதோடு நிற்கவில்லை. நண்பருக்கு ஏதாவது ஆகிவிடுமா என்ற பயம் ஒன்று, மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்களே, யாரை நம்புவது என்ற குழப்பம் ஒன்று. மீன் தொட்டியில் வளர்க்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருப்பது தனி.

நண்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தப் பிராணிக்குக் கொட்டும் முள் கிடையாது, கடிக்கிற வாயும் கிடையாது. சீண்டினால் தோலிலிருந்து வழவழப்பாக ஒரு கோழை கசியும். அதில் நஞ்சு உண்டு. ஆனால் அந்த நஞ்சு தன்னைக் கடித்துப் பார்க்கும் மீனையும் நண்டையும் விரட்டத்தான். காயம் இல்லாத விரலில் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். அரிப்புக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பாறையைத்தான். உங்கள் படத்தின் வலது ஓரத்தில் பழுப்பு நிறத்தில் இறகு இறகாக நிற்கிறதே, அது ஹைட்ராய்டு. பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அது ஜெல்லி மீனுக்குப் பங்காளி. அதன் உடம்பெல்லாம் கொட்டும் செல்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிற எல்லோருக்கும் ஒருநாள் அது பாடம் நடத்தும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கவில்லை, வீக்கம் பரவுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் விலங்கியல்காரன், வைத்தியம் என் வேலை இல்லை.

சரி, பெயருக்கு வருவோம். இது ஓடில்லாத கடல்நத்தை வகை. நுடிபிராங்க் என்று டைவர்கள் சொல்வது இதைத்தான். ‘ஃபில்லிடியா’ என்ற பேரினம் என்பதுவரை சத்தியம் செய்வேன். அந்தப் பேரினத்துக்குள் ‘ஃபில்லிடியா வரிக்கோசா’ என்ற இனம் என்பதில் பந்தயம் மட்டும் கட்டுவேன். சத்தியத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவே உள்ள தூரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன். மெல்லுடலிகளைப் பற்றிச் சென்னைக் கல்லூரி ஒன்றில் பல வருடம் பாடம் எடுத்தவன் நான். நத்தை, சிப்பி, கணவாய் என்று மாணவர்களோடு அறுத்துப் பார்த்த பழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் கடற்கரைக்குப் போகும் இளைஞர்கள் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பத்துப் படம் வந்தால் ஒன்பதில் கேள்வி ஒரே மாதிரி இருக்கும்: “நீலமும் மஞ்சளுமா இருக்கு சார், இது என்ன?”

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடல்நத்தையில் நம் கண்ணை முதலில் பிடிப்பது நிறம். ஆனால் அடையாளம் சொல்ல அதைவிட மோசமான சாட்சி வேறு இல்லை. ஒரே இனம் இரண்டு மூன்று நிறத்தில் வரும். வேறு வேறு இனங்கள், சில சமயம் வேறு வேறு தொகுதியையே (விலங்குலகின் பெரும்பிரிவு) சேர்ந்த பிராணிகள், ஒரே நிறத்தில் வரும். மாநகரப் பேருந்தில் நிறத்தைப் பார்த்தா ஏறுகிறோம், முன்னால் இருக்கும் நம்பர் போர்டைத்தானே பார்க்கிறோம். கடல்நத்தைக்கு நம்பர் போர்டு மூன்று இடத்தில் இருக்கிறது: தலையில் இருக்கும் கொம்பு, முதுகிலோ பக்கத்திலோ இருக்கும் செவுள், அடியில் இருக்கும் பாதம். நிறத்தை இந்த மூன்றுக்கும் அப்புறம் பார்த்தால் போதும்.

முதலில் கொம்பு. உங்கள் முதல் படத்தில் உடம்பின் ஒரு முனைக்கு அருகே, ஒரு ஜோடி மஞ்சள் கொம்புகள் சின்னக் குழிகளுக்குள்ளிருந்து எழுந்து நிற்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள், கொம்பில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். இவற்றை ரைனோஃபோர் என்பார்கள். தண்ணீரில் கரைந்து வரும் மணத்தைப் பிடிக்கிற உறுப்பு. இரை எந்தப் பக்கம், துணை எந்தப் பக்கம் என்று நத்தைக்குச் சொல்வது இதுதான். கண் இருக்கிறது, ஆனால் தோலுக்குள் புதைந்த ஒரு புள்ளி. வெளிச்சம், இருட்டு என்பதற்கு மேல் அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தன் உடம்பின் அழகே தெரியாத ஜீவன் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கொம்பு ஒன்றே தட்டைப்புழுவை ஒதுக்கிவிடும். தட்டைப்புழுவுக்குத் தகடு அடுக்கிய கொம்பு கிடையாது. உடம்பின் முன் ஓரமே இரண்டு மடிப்பாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அவசரத்தில் பார்ப்பவருக்கு அது கொம்பு மாதிரித் தெரியும். உடம்பும் காகிதக் கனம்தான். ஓரம் அலை அலையாக நெளியும், சில இனங்கள் அந்த ஓரத்தை அடித்துக்கொண்டு நீந்தவும் செய்யும். கையில் எடுத்தால் கிழிந்து போகும். உங்கள் படத்தில் இருப்பது கனமான, விறைப்பான உடம்பு. தொட்டவர் “ரப்பர் மாதிரி இருந்துச்சு” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பொருந்துகிறது. இருந்தாலும் தட்டைப்புழு என்று சொன்னவரைக் கேலி செய்ய வேண்டாம். ‘சூடோசெரோஸ் இமிடாட்டஸ்’ என்று 1994-ல் பெயர் சூட்டப்பட்ட ஒரு தட்டைப்புழு இருக்கிறது. கறுப்பு உடம்பில் புடைப்புகள் வைத்து, இந்த ஃபில்லிடியா குடும்பத்து நத்தை ஒன்றை அப்படியே நடித்துக் காட்டும். நஞ்சுள்ள நத்தையின் வேஷம் போட்டால் மீன் தொடாது என்பது அதன் கணக்கு.

கடல் அட்டை என்று சொன்னவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. கடல் அட்டை வேறு தொகுதி, நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. ஆனால் ‘பியர்சனோத்தூரியா கிராஃபேய்’ என்ற அட்டையின் குஞ்சுப் பருவம் நீலம், கறுப்பு, மஞ்சள் புடைப்பு என்று ஃபில்லிடியாவின் சாயலிலேயே இருக்கும். வளர வளர நிறம் மங்கி, சாதாரண அட்டையாகிவிடும். வித்தியாசம் கண்டுபிடிக்கக் கொம்பைத் தேடினால் போதும், அட்டைக்கு அது இல்லை. அடியில் குழாய்க்கால்கள் வரிசையாக இருக்கும், வாயைச் சுற்றி உணர்விழைகள் இருக்கும். இன்னொன்று, கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது, பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ராமநாதபுரம் பக்கத்தில் இதற்காகக் கைதாகிறவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. எது எது என்று தெரியாமல் எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கொம்பு தெரியாத படத்தை வைத்து “கொம்பே இல்லை” என்று முடிவு கட்டக் கூடாது. தொட்டவுடன் நத்தை அதைக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும். உங்கள் இரண்டாவது படத்தில், அதாவது நண்பரின் விரல் பட்ட பிறகு எடுத்ததில், கொம்பு காணவில்லை. முதல் படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் நானும் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன்.

அடுத்தது செவுள். நுடிபிராங்க் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு பெரிய அமைப்புகளை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். டோரிட் வகையில் முதுகின் பின்பகுதியில், மலத்துவாரத்தைச் சுற்றி, இறகுகளால் ஆன ஒரு வட்டம் பூ விரிந்தது போல நிற்கும். அதுதான் செவுள், தொட்டால் உள்ளே போய்விடும். ஏயோலிட் வகையில் அந்தப் பூ இல்லை. முதுகு முழுக்க விரல் விரலாக நீட்டல்கள் இருக்கும், செராட்டா என்று பெயர். மூச்சு விடுவதும் அதன் வழியாக, செரிமானச் சுரப்பியின் கிளைகள் ஓடுவதும் அதற்குள். ஏயோலிட்கள் பெரும்பாலும் ஹைட்ராய்டையும் அனிமோனையும் தின்பவை. தின்ற இரையின் கொட்டும் செல்களில் முதிராதவற்றை வெடிக்காமல் குடல் வழியே நகர்த்தி, செராட்டாவின் நுனியில் இருக்கும் பைகளில் சேர்த்து வைக்கின்றன. யாராவது கடிக்க வந்தால் அடுத்தவனின் ஆயுதத்தால் அடி. விலங்கியலில் எத்தனையோ விசித்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிப்பேன்.

உங்கள் பிராணியின் முதுகில் பூவும் இல்லை, விரல்களும் இல்லை. இந்த ‘இல்லை’தான் இங்கே பெரிய தடயம். ஃபில்லிடியா குடும்பம் டோரிட் வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் முதுகுச் செவுளைக் கைவிட்டுவிட்ட குடும்பம். செவுள்கள் மேல்போர்வைக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், உடம்பின் இரு பக்கமும் சின்னத் தகடுகளாக ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. முதுகு வழவழப்பாக இல்லாமல் புடைப்பும் வரப்புமாக இருக்கிறது, செவுள் வெளியே இல்லை, கொம்பு தகடு தகடாக இருக்கிறது, உடம்பு விறைப்பாக இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் அது ஃபில்லிடியா குடும்பம். இந்த நான்கில் நிறம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குடும்பத்துக்குள் போனபின் நிறம் உதவிக்கு வரலாம். செயலி சொன்ன ‘ஃபில்லிடியெல்லா பஸ்டுலோசா’வும் இதே குடும்பம்தான், பக்கத்து வீடு. அதன் புடைப்புகள் வெளிர் இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயலில், கொத்துக் கொத்தாக இருக்கும், மஞ்சள் தொப்பி கிடையாது. அதன் கொம்பு கறுப்பு. உங்கள் படத்தில் கொம்பு மஞ்சள், புடைப்பின் தலையும் மஞ்சள். ஆகவே செயலி சொன்னது இல்லை. கறுப்பும் புடைப்பும் கண்டவுடன் செயலி அதிகம் பார்த்த பெயரைச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். பஸ்டுலோசா என்ற அந்தப் பெயரின் கீழேயே பல இனங்கள் கலந்து கிடக்கின்றன என்று மரபணு ஆய்வுகள் இப்போது காட்டுகின்றன. அதனால் அந்தப் பெயரை யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பேன்.

மிச்சம் இருப்பது ஃபில்லிடியாவுக்குள் எது என்ற கேள்வி. இங்கே சண்டை இரண்டு பேருக்குள். ஒன்று வரிக்கோசா, 1801-ல் லமார்க் பெயர் வைத்தது. இன்னொன்று ‘ஃபில்லிடியா கோலஸ்டிஸ்’, 1905-ல் பெர்க் பெயர் வைத்தது. இரண்டுக்கும் கறுப்பு, நீலச் சாம்பல், மஞ்சள்தான். வரிக்கோசாவுக்கு வரப்புகள் மூன்றிலிருந்து ஆறு வரை ஓடும். கோலஸ்டிஸுக்குப் பெரும்பாலும் மூன்று. உங்கள் படம் சாய்வாக எடுத்தது, நான் எண்ணியதில் நான்கு தெரிகிறது, மறுபக்கம் நிழலில் இன்னொன்று இருக்கலாம். அளவும் வரிக்கோசா பக்கம் பேசுகிறது. கோலஸ்டிஸ் சாதாரணமாக 6 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும், வரிக்கோசா 10 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். நண்பரின் ஆள்காட்டி விரல் பிராணியை ஒட்டியே இருப்பதால் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். நத்தை விரலை விட நீளமாகத்தான் இருக்கிறது. மெல்லுடலி நீட்டிச் சுருங்கும், அளவை நம்ப முடியாது என்று ஒரு ஆட்சேபம் வரலாம். மற்ற நத்தைகளுக்கு அது சரி. இந்தக் குடும்பத்தின் உடம்பில் சுண்ணாம்பு முட்கள் நிறைந்திருப்பதால் விறைப்பு அதிகம், அவ்வளவாக நீளாது.

பந்தயத்தைச் சத்தியமாக மாற்றக்கூடியது ஒன்றுதான், பாதத்தின் அடிப்பக்கம். வரிக்கோசாவின் பாதத்தில் நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். கோலஸ்டிஸுக்கு அந்தக் கோடு இல்லை. உங்கள் ஐந்து படத்திலும் அடிப்பக்கம் இல்லை, இருக்கவும் முடியாது, பாறையை ஒட்டிக்கொண்டிருக்கிற பிராணி. இதற்காக அடுத்த தடவை பெயர்த்து எடுத்துப் புரட்டிப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். பாறை விளிம்பில் ஏறும்போதோ, இடுக்கைத் தாண்டும்போதோ முன்பக்கத்தைத் தூக்கும், அப்போது பக்கவாட்டில் தாழ்வாக ஒரு படம் எடுத்தால் கோடு தெரியும். பொறுமைதான் வேண்டும், இது ஒன்றும் ஓடிவிடுகிற பிராணி இல்லை.

எல்லாம் ஏன் ஒரே உடையில் திரிகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிறத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஓட்டை இழந்த நத்தைக்குப் பாதுகாப்பு வேண்டும். லார்வாப் பருவத்தில் இவற்றுக்கும் சின்னச் சுருள் ஓடு உண்டு, பாறையில் வந்து இறங்கி உருமாறும்போது அதை உதிர்த்துவிடும். அதற்கப்புறம் காப்பது நஞ்சுதான். 1963-ல் ஆர். இ. யோஹானஸ் என்பவர், ஃபில்லிடியா வரிக்கோசா கசியவிடும் கோழை மீன்களையும் நண்டு, இறால் வகைகளையும் கொல்கிறது என்று எழுதினார். அந்தக் கோழைக்குக் காட்டமான ஒரு நாற்றமும் உண்டு. 1975-ல் ஹவாயில் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். ஐசோசயனைடு வகை வேதிப்பொருள், ஓவாஹு தீவின் புபுகேயா என்ற இடத்தின் பெயரை வைத்து அதன் மூலக்கூறின் அடிப்படைச் சட்டகத்துக்குப் புபுகேயனேன் என்று பெயரிட்டார்கள். அதே பொருள் நத்தை தின்னும் கடற்பஞ்சிலும் (ஸ்பாஞ்ச், பாறையில் ஒட்டி வாழும் விலங்கு) இருந்தது. ஆக நஞ்சைச் செய்தது கடற்பஞ்சு, சேர்த்து வைத்துக்கொண்டது நத்தை. இவற்றுக்கு மற்ற நத்தைகளைப் போல ராடுலா என்ற பல்நாக்குக்கூட இல்லை, கடற்பஞ்சைக் கரைத்து உறிஞ்சியே சாப்பிடும்.

மீனுக்கு ஒருமுறை வாய் வெந்தால் அந்த நிறத்தை மறக்காது. நஞ்சுள்ள நாலைந்து இனங்கள் ஒரே நிறத்தை வைத்துக்கொண்டால் மீன் ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும், நத்தைகளில் பலியாவது குறையும். நஞ்சே இல்லாதவையும் அந்தக் கூட்டத்தில் வேஷம் போட்டு நுழைந்துகொள்ளும். குரோமோடோரிஸ் என்ற இன்னொரு அழகான பேரினத்தில், 2018-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிறத்தை வைத்து ஒரே இனம் என்று நினைத்தவை பல இனங்களாகப் பிரிந்தன, வேறு வேறு என்று நினைத்த நிறங்கள் ஒரே இனத்துக்குள் வந்தன. மீனை ஏமாற்ற வந்த ஏற்பாடு, போகிற போக்கில் நம்மையும் ஏமாற்றுகிறது.

பழைய ஆட்கள் நிறத்தை அதிகம் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிரிட்டில் போட்ட கடல்நத்தையின் நிறம் சீக்கிரமே போய்விடும், வெளிறிய ஒரு சதைத் துண்டுதான் மிஞ்சும். மதராஸ் அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேர் பக்கத்துக் கடலில் இவற்றைச் சேகரித்தார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி மதராஸுக்குக் கொண்டுவந்த அதே எலியட். பெசன்ட் நகரில் இருக்கும் எலியட்ஸ் பீச் இவர் பெயரில் இல்லை, அது எட்வர்ட் எலியட் என்ற வேறொருவர். வால்டர் எலியட்டின் சேகரிப்பை வைத்து ஆல்டர், ஹான்காக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1864-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் கிழக்குக் கடற்கரையின் நுடிபிராங்குகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘கலிங்கா ஆர்னாட்டா’ என்ற அருமையான ஒரு இனம் அந்தக் கட்டுரையில்தான் பெயர் பெற்றது. அதற்குச் சில வருடம் முன்பு இலங்கையில் கெலார்ட் என்ற மருத்துவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி வைத்த ‘ஜோருன்னா ஃபியூனெப்ரிஸ்’ அவர் பெயரிட்டது, 1859. பழைய நூல்களைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: 2012-ல் குரோமோடோரிஸ் குடும்பத்தை மறுபடி வகுத்தார்கள், அதற்கு முந்தைய புத்தகத்தில் குரோமோடோரிஸ் என்று இருக்கும் பலவற்றுக்கு இன்று கோனியோபிராங்கஸ் என்று பெயர்.

படம் எடுப்பதைப் பற்றி. நம் ஊர்த் தண்ணீர் பச்சை. 12 மீட்டரில் சூரிய ஒளியின் சிவப்பு ஏறக்குறைய முழுவதும் வடிகட்டப்பட்டிருக்கும், விளக்கு இல்லாமல் எடுத்தால் சிவப்பு கறுப்பாக வரும், ஆரஞ்சு அழுக்கு மஞ்சளாக வரும். கைபேசியும் கேமராவும் அதைத் தானாகச் ‘சரி’ செய்கிறேன் என்று இன்னும் கெடுக்கும். உங்கள் முதல் படத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்திருக்கிறது, அதனால்தான் கொம்பு மஞ்சள் என்று நம்பிச் சொல்கிறேன். அடுத்த தடவை நேர் மேலிருந்து ஒன்று, கொம்பில் ஃபோகஸ் வைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய விலகி ஒன்று எடுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எடுப்பதில்லை. இந்த நத்தைகள் உணவில் பிடிவாதக்காரர்கள், எந்தக் கடற்பஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடியும். ஆழமும் தேதியும் எழுதி வையுங்கள்.

நீங்கள் கடைசியாக வைத்திருக்கும் மங்கலான படத்தில், வெள்ளை ரிப்பனைச் சுருட்டி விளிம்பில் நிறுத்தி வைத்தது மாதிரி ஒன்று இருக்கிறதே, அது முட்டை. கடல்நத்தை இட்ட முட்டைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நத்தை இட்டதா, பக்கத்தில் போன வேறொன்று இட்டதா என்பதை ரிப்பனை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இவை இருபால் உயிரிகள், இரண்டு சந்தித்தால் வலது பக்கத்தை ஒட்டி நின்று ஒன்றுக்கொன்று விந்து மாற்றிக்கொள்ளும், அப்புறம் இரண்டுமே முட்டையிடும்.

சென்னையில் இதெல்லாம் இருக்கிறதா என்று வியந்திருக்கிறீர்கள். நம் கரை பெரும்பாலும் மணல், அதனால்தான் இந்த எண்ணம். நமக்கு ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், தண்ணீர் வடிந்து பாறை வெளியே வருவது குறைவு. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் கடல் பல மீட்டர் இறங்கும், அங்கே நடந்துபோயே நுடிபிராங்க் பார்க்கலாம். இங்கே பார்க்க வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். மீனவர்களுக்குத் தெரிந்த பார்கள் கடலுக்குள் இருக்கின்றன, மாமல்லபுரம் பக்கம் பாறை இருக்கிறது, வடசென்னையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களும் இன்று பாசியும் பஞ்சும் பிடித்துப் பாறையாகவே ஆகிவிட்டன. ஃபில்லிடியா வரிக்கோசா செங்கடலிலிருந்து பசிபிக்கின் நடுப்பகுதி வரை பரவிய இனம், நம் கடலில் அது தென்படுவதில் ஆச்சரியமில்லை. வடகிழக்குப் பருவமழையின் கலங்கல் வடிந்து மாசி, பங்குனியில் தண்ணீர் தெளியும்போது போய்ப் பாருங்கள்.

தொடுவதைப் பற்றி நான் கறாராக இருப்பதற்குக் காரணம் இந்த இனம் அல்ல, நீல டிராகன். ‘கிளாக்கஸ் அட்லாண்டிகஸ்’ என்ற அந்த ஏயோலிட் பாறையில் வாழ்வதில்லை. வயிற்றில் காற்றுக்குமிழை வைத்துக்கொண்டு கடலின் மேற்பரப்பில் தலைகீழாக மிதக்கும். மிதக்கும் நீலச் சொறிகளை (ஜெல்லி மீன் மாதிரிக் கொட்டும் பிராணிகள்) தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் சேர்த்து வைத்திருக்கும், கொட்டினால் வலி கடுமையாக இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் அவை பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கின. மணலில் கிடக்கும் நீல நிறமான, கைவிரல் நுனி அளவு அழகான எதையும் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டி வேண்டாம். கொளத்தூரில் கேட்டால் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும், இது தின்னும் கடற்பஞ்சு கிடைக்காது. சில வாரங்களில் பட்டினியில் சுருங்கிச் செத்துவிடும். சாவதற்கு முன் கோழையைக் கசியவிட்டால் உங்கள் மற்ற மீன்களும் போய்விடும், யோஹானஸ் சொன்னதை வீட்டிலேயே பார்த்துவிடுவீர்கள்.

இந்தப் பதிவைப் பயனுள்ளதாக்க ஒரு வழி இருக்கிறது. உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நத்தையின் ஐந்து படத்தையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள், முட்டைப் படத்தைத் தனியாக வையுங்கள். இடம், ஆழம், தேதி போடுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் செயலி நீட்டும் இனப்பெயரைத் தட்டாமல் ‘ஃபில்லிடியா’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள், வரிக்கோசாவாக இருக்கலாம் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். நேரில் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மண்டல மையம் நம் சாந்தோம் ஹை ரோட்டிலேயே இருக்கிறது. பிராணியைக் கொண்டுபோகாமல் படத்தை மட்டும் கொண்டுபோங்கள். பாதத்தின் கோடு தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் இங்கேயே கீழே போடுங்கள், பார்த்துவிட்டுப் பந்தயத்தை முடித்துக்கொள்ளலாம்.